பதினொரு தேக்கரண்டி

நளாயினி மிஸ்,
வாயில் வைக்கிற எல்லாத்தையும் எழுதச் சொன்னீங்கள்.
எழுதுகிறேன்.

திங்கள் காலை:
குரக்கன் பிட்டு, நீங்கள் காட்டிய கோப்பையால் ஒன்று,
கத்தரிக்காய் வெள்ளைக்கறி,
சீனி போடாத பிளேன்ரீ.
அதுவரைக்கும் நான் உத்தமன்.
ஒன்பதரைக்கு உப்புவெளியில் பஸ்ஸால் இறங்கினேன்.
அதுக்குப் பிறகு என் வாய் ஹொட்டலுடையது.

திரமிசு என்று ஒரு சாமான், இத்தாலிக்காரருடையது.
கோப்பியில் நனைத்த விரல் பிஸ்கற்,
பால் தன் நித்திரையில் கண்ட கனவு மாதிரி
மஸ்கப்போனே என்று ஒரு கொழுப்பு,
ஆறு பச்சை முட்டையின் மஞ்சள்,
ரம்,
சீனி எவ்வளவென்று கேட்காதீங்கள்,
மேலே கசக்கிற கொக்கோத் தூள்,
செய்ததை மறைக்கிற மாதிரி.
துண்டுக்கு நானூற்றைம்பது கலோரியாம்.
ஒரு வெள்ளைக்காரி போனில் பார்த்துச் சொன்னாள்,
சொல்லிப்போட்டு
இரண்டாவது துண்டு கேட்டாள்.

ருசி பார்க்காமல் வெளியே அனுப்பேலாது.
கோப்பிக்கு ஒன்று, கிறீமுக்கு இரண்டு,
தட்டு தட்டாய், தட்டு தட்டாய்…
இரவு எண்ணிப் பார்த்தேன்: பதினொரு தேக்கரண்டி.
காலை, மதியம், மாலை, இரவு என்று
கொப்பியில் கோடு போட்டுத் தந்தீங்கள்.
பதினொன்றை எதற்குள் எழுத?
வேலை என்று இன்னொரு கோடு கீறித் தாங்கோ.

கொழும்பிலிருந்து வந்த பிள்ளைத்தாய்ச்சி
பச்சை முட்டையோ என்று கேட்டா. ஓம் என்றேன்.
கரண்டியைக் கீழே வைத்தா.
இரண்டு பேருக்கும் சேர்த்து
புருஷன்காரர் தின்றார்.
மூதூர்க் குடும்பம் ஒன்று, பெரியவர் மெல்லக் கேட்டார்:
தம்பி, இதுக்குள்ள குடி வகை இருக்கோ?
பொய் சொல்ல வாய் வரவில்லை.
பழம் வெட்டிக் கொடுத்தோம்.
பிள்ளைகள் பக்கத்து மேசையையே பார்த்தபடி
பப்பாசி தின்றதுகள்.

அடுத்த நாள் சப்றான் கிண்ணியாவிலிருந்து
எருமைத் தயிர் இரண்டு சட்டி கொண்டுவந்தான்.
துணியில் கட்டித் தொங்கவிட்டோம்.
விடியும்போது தண்ணீரெல்லாம் இறங்கி
கத்தியால் வெட்டுகிற பதம்.
முட்டையில்லை, ரம்மில்லை,
கித்துள் பாணி கொஞ்சம்.
(பாணியும் சீனிதான், தெரியும் மிஸ்.)
இத்தாலிக்காரர் ஒருவர் வழித்துத் துடைத்துத் தின்றுவிட்டு
நல்லம், ஆனால் இது திரமிசு இல்லை என்றார்.
பெயரைத்தானே மாத்த வேணும், என்றான் சப்றான்.
இன்னும் மாத்தவில்லை.

நீங்கள் தந்த அச்சுத்தாளைக் கேட்பீங்கள்.
கோட்டை வாசலில் சட்டைப் பையிலிருந்து இழுத்து
மான் தின்றுவிட்டது.
அரைக் கோப்பைச் சோறு என்ற வரியை முதலில்,
இனிப்பைத் தவிர்க்கவும் என்றதைக் கடைசியில்.

வெள்ளிக்கிழமையை ஒளிக்க நினைத்தேன்.
மாத்திரையைப் போட்டாச்சு, சோறு தின்ன நேரமில்லை.
எல்லா மேசையும் ஆள்.
பத்து மணிக்குக் கை நடுங்கத் தொடங்கியது,
குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று வியர்த்தேன்.
திரமிசு என்றால்
என்னைத் தூக்கி விடு என்று அர்த்தமாம்.
முன்னால் ஒரு தட்டு முழுக்க இருந்தது.
பெரிய கரண்டியால் ஒன்று. இன்னொன்று.
தூக்கவில்லை.
நிலம் வள்ளம் மாதிரி ஆடியபடியே கிடந்தது.

சப்றான் என்னை மா மூட்டையில் இருத்தி
பிளேன்ரீயில் நாலு கரண்டி சீனி கரைத்து
மிடறு மிடறாய்ப் பருக்கினான்.
கால்மணித்தியாலம்.
சுவர் மணிக்கூட்டின் இலக்கங்கள்
ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்து
தங்கள் தங்கள் இடத்தில் குந்தின.

கொழுப்போடு சேர்ந்த சீனி
ஆறுதலாய்த்தான் இரத்தத்தில் ஏறும் என்று
ஒருநாள் சொன்னீங்கள்.
நான் அப்போது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி, இரவு பத்து பத்து:
சீனி, நாலு கரண்டி.
அதுக்கு மட்டும்
சிவப்புப் பேனையால் வட்டம் போடாதீங்கள்.